மேல்தோலுக்கு மட்டும் லைசென்ஸ்

1

அக்கா மகள் கார்த்திகாவுக்குக் கல்யாணமாகி நேற்றோடு ஒரு வருஷம் ஆகிறது. காலையில் எழுந்து போனைத் திறந்தால் குடும்பக் குழுவில் வாழ்த்துகள் வந்து குவிந்திருந்தன. ரோஜாப்பூ, குத்துவிளக்கு, ஜோடிக் கிளி, கிளிக்கு மேலே யாரோ எழுதிய நாலு வரி. இத்தனைக்கும் நடுவில் அத்தான் மட்டும் வாய் திறக்காமல் கல்யாணப் படம் ஒன்றைப் போட்டிருந்தார். மணமேடையில் பெண்ணும் மாப்பிள்ளையும், அவர்களுக்குப் பக்கத்தில் அத்தானும் என் அக்கா மாரீஸ்வரியும் நிற்கிறார்கள்.

அந்தப் படத்தில் அக்காவின் முகம் இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும் ஒரே நிறமாக இருக்கிறது. அப்படி ஆக்கிய க்ரீம் நான் அனுப்பியது. அதைப் பூசச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். சந்தோஷப்பட வேண்டிய படம். என்னால் அதை ஒரு நிமிஷத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை. ஏன் என்று ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்லிவிட்டால் கொஞ்சம் பாரம் குறையும் என்று தோன்றுகிறது.

நான் இருப்பது அமெரிக்காவின் மேற்குக் கரையில், வருஷத்தில் பாதி நாள் தூறிக்கொண்டே இருக்கிற ஓர் ஊரில். தோல் பராமரிப்பு என் தொழில். ஊரில் யாரிடம் சொன்னாலும் "பியூட்டி பார்லரா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன், பாதி சரிதானே. ஆனால் இங்கே அடுத்தவர் முகத்தைக் காசு வாங்கிக்கொண்டு தொடுவதற்கு அரசாங்க லைசென்ஸ் வேண்டும். அதற்குப் படிப்பு உண்டு, எழுத்துத் தேர்வு உண்டு, செய்முறைத் தேர்வு உண்டு. தேறினால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைச் சட்டம் போட்டு, வருகிறவர்கள் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டி வைக்க வேண்டும். தினமும் காலையில் கடைக்குப் போய், கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டு, துண்டுகளைச் சூட்டுப்பெட்டியில் அடுக்கிவிட்டு நிமிர்ந்தால், சட்டத்துக்குள்ளிருந்து நானே என்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

2

வீட்டுக்காரருக்குக் கம்ப்யூட்டர் வேலை. அவருடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள் நான். வந்த பிறகு பல வருஷம் எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. சமைத்தேன், மகள் யாழினியைப் பெற்று வளர்த்தேன், மழையைப் பார்த்தேன். ஒருவழியாக அனுமதி வந்தபோது நான் கல்லூரியில் படித்த வணிகவியல் எனக்கே மறந்துபோயிருந்தது. தோல் பராமரிப்புப் பள்ளியில் சேரப் போகிறேன் என்றதும் வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். காரணம் அவருக்கும் தெரியும். அதனால் ஒன்றும் கேட்கவில்லை.

சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. என் பள்ளிச் சான்றிதழில் "சு. முத்துலட்சுமி" என்று இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் சேர்ந்து "முத்துலட்சுமி சுப்பையா". அலுவலகத்தில் இருந்த அம்மாள் இரண்டு காகிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "இவர்கள் இரண்டு பேரும் யார்?" என்று கேட்டார். நான்தான் இரண்டு பேரும் என்று நிரூபிக்க மூன்று மாதம் அலைந்தேன். எங்கள் அப்பா ஆயுசில் முகத்துக்குப் பவுடர் போட்டதில்லை. இப்போது கடையில் என்னை "மிஸ் சுப்பையா" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

முதல் நாள் வகுப்பில் ஆசிரியை டோனா, ஒவ்வொருவரும் இதற்கு முன் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். "கிராக்கர்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தேன்" என்றேன். பக்கத்தில் இருந்த பெண், "உப்பு போட்டதா, சீஸ் போட்டதா?" என்று கேட்டாள். இங்கே கிராக்கர்ஸ் என்றால் உப்பு பிஸ்கட்டாம். பட்டாசு என்று புரியவைக்க நான் இரண்டு கையையும் விரித்து வெடித்துக் காட்ட வேண்டியிருந்தது. வகுப்பே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

3

எங்கள் வீடு திருத்தங்கலில். அப்பாவும் அம்மாவும் ஆள் கூப்பிட்டால் மானாவாரிக் காட்டு வேலைக்குப் போனவர்கள். மழை ஏமாற்ற ஏமாற்ற, எங்கள் தெருவே காட்டை விட்டுவிட்டுக் கம்பெனி வேனில் ஏறிவிட்டது. அக்கா பத்தாவதோடு நின்றாள். பதினெட்டு ஆனதும் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறைக்குப் போனாள். மருந்து என்றால் வெடிமருந்து. அதை அள்ளிக் குழாயில் நிரப்புகிற வேலை. அந்தச் சம்பளத்தில்தான் நான் விருதுநகரில் கல்லூரிக்குப் போனேன்.

பன்னிரண்டாவது முடித்த பிறகு ஒரு சீசன் நானும் அவளோடு போனேன். அந்த அறைக்குள் போவதற்கு முன்னால் கொலுசு, வளையல், ஊசி, செருப்பு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். நூல்சேலைதான் உடுத்த வேண்டும், நைலான் கூடாது. வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் இறங்கும். உள்ளே நுழையும்போது உள்ளங்கையை அந்தத் தகட்டில் வைத்து எடுக்க வேண்டும். நம் உடம்பில், துணியில் உரசி உரசிச் சேர்ந்திருக்கிற மின்சாரம் மண்ணுக்குள் போய்விடும். இல்லாவிட்டால் விரல் நுனியில் ஒரு பொறி போதும். வெளியே தண்ணீர் குடிக்கப் போனாலும் சரி, மூக்கைச் சிந்தப் போனாலும் சரி, திரும்பி வரும்போது தகட்டைத் தொட வேண்டும்.

"தகட்டத் தொடு, பெறகு மருந்தத் தொடு" என்பாள் அக்கா. நான் மறந்தால் முதுகில் ஒன்று வைப்பாள். "ஏலே, இங்கன ரூல்னு ஒண்ணு சொன்னா ஏன்னு கேக்கக்கூடாது. ஏன்னு தெரியவரும்போது கேக்க ஆளிருக்காது." அந்த அறையில் அக்காவைப்போல் விதி தவறாமல் வேலை செய்தவர்கள் யாருமில்லை என்று போர்மேனே சொல்வார்.

நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது பக்கத்து அறையில் தீப் பிடித்து வெடித்தது. யார் என்ன தப்புச் செய்தார்கள் என்று சொல்ல அந்த அறையில் யாரும் மிஞ்சவில்லை. அக்கா வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் உயிரோடு வந்தாள். முகத்தில் இடது பக்கம், கழுத்து, தோள் எல்லாம் வெந்துபோயிருந்தது. ஆஸ்பத்திரியில் வாழையிலை மேல் கிடந்தவள் என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது இதுதான். "நான் தொட்டுட்டுத்தாம்லே உள்ள போனேன்."

அப்போது கார்த்திகா கைக்குழந்தை. அக்கா வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அம்மா சுவரில் இருந்த கண்ணாடியைக் கழற்றி அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்துவிட்டாள். அது பிறகு சுவருக்குத் திரும்பவே இல்லை. அக்கா ஒவ்வொரு வருஷமும் இருக்கன்குடிக்குப் போய் மாரியம்மனுக்கு வெள்ளித் தகட்டில் முகம் வாங்கிப் போட்டாள். மகளுக்குக் காது குத்தியபோது அவள் அடுப்படியில் இருந்தாள். சடங்கு வைத்தபோது கூடத்துக்கு வரவில்லை, அத்தைகளே எல்லாம் செய்தார்கள். மகள் வளர்ந்த எந்தப் படத்திலும் அக்கா கிடையாது.

4

நான் பள்ளியில் சேர்ந்த செய்தி கேட்டதும் அக்கா போன் செய்தாள். வீடியோவில் அவள் எப்போதும் வலது பக்கத்தை மட்டும்தான் காட்டுவாள்.

"ஏலே லச்சுமி, தோலுக்குப் படிக்கியாம்ல?"

"ஆமாக்கா."

"எம்மூஞ்சியச் சரி பண்ணிருவியா?"

விளையாட்டாகக் கேட்பது மாதிரிதான் கேட்டாள். படித்து முடிக்கட்டும்க்கா என்று சொல்லி வைத்தேன். எனக்குள்ளும் அந்த ஆசைதான் இருந்தது. வேறு எதற்காக நான் நாற்பது வயதில் சின்னப் பெண்களோடு உட்கார்ந்து தோலின் அடுக்குகளை மனப்பாடம் செய்ய வேண்டும்?

தீக்காயம் பற்றிய பாடம் வந்த அன்றைக்கு நான் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். டோனா பலகையில் தோலை ஐந்தாறு கோடாக வரைந்தார். எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற, தானே உதிர்ந்து போகிற மெல்லிய ஏட்டின் மேல் சிவப்பால் ஒரு கோடு இழுத்தார். நம் லைசென்ஸ் இதோடு முடிகிறது, இதற்குக் கீழே உயிருள்ள தோல், அங்கே டாக்டருக்குத்தான் வேலை என்றார். இருபது வருஷத்துத் தழும்பாக இருந்தால் என்று கேட்டேன். போக்க முடியாது, மூடலாம் என்றார். அதற்கென்றே கெட்டியான க்ரீம்கள் இருக்கின்றன.

அக்காவிடம் சொல்ல ஒரு வாரம் எனக்கு மனசு வரவில்லை. ஒருவழியாகச் சொன்னேன்.

"இம்புட்டு செலவழிச்சுப் படிச்சும் மூடத்தான் முடியுமாக்கும்?"

"அம்புட்டுத்தான்க்கா."

"சரி. அப்ப மூடு."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். கார்த்திகாவுக்கு மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது. சாத்தூர்ப் பையன். தாரை வார்க்க அத்தானின் சித்தப்பா சித்தியை மேடையில் நிறுத்துவது என்று பேச்சு நடந்தது. அக்காவேதான் அதைச் சொல்லியிருந்தாள். கார்த்திகா ஒரே பிடியாக, அம்மா நிற்காவிட்டால் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று சாப்பிடாமல் கிடந்தாளாம்.

"நீ வந்து மூடி விட்டீன்னா நான் நிக்கேன்லே. நீ வரலைன்னா அவரு சித்தப்பாவும் சித்தியும் நிக்கட்டும். ஆனா ஒண்ணு, லைசென்ஸ வாங்கிட்டு வா. லைசென்ஸ் இல்லாத எடத்துலதான் எல்லாக் கூத்தும் நடக்கு. கத்துக்குட்டி கைய எம்மூஞ்சில வைக்க விடமாட்டேன்."

சிவகாசிப் பக்கத்து ஆட்கள் லைசென்ஸ் என்ற வார்த்தையை எப்படிச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். லைசென்ஸ் உள்ள கம்பெனியா, வீட்டுக்குள் வைத்து உருட்டுகிற கம்பெனியா என்று கேட்டுவிட்டுத்தான் பிள்ளைகளை வேலைக்கு அனுப்புவார்கள். அக்கா அந்த அர்த்தத்தில்தான் சொன்னாள்.

5

செய்முறைத் தேர்வுக்கு முகம் காட்ட ஓர் ஆளை நாமே கூட்டிப் போக வேண்டும். யாழினியைக் கூட்டிப் போனேன். அவளுக்குப் பதினேழு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அதுவும் கேட்டதற்கு மட்டும். அன்றைக்கு வருவதற்குச் சம்மதித்ததே பெரிய காரியம்.

கையில் கிருமிநாசினி தடவிக்கொள்ள வேண்டும். தடவிய பிறகு முகத்தைத் தவிர எதையும் தொடக்கூடாது. அதுதான் முதல் விதி, அதில்தான் அதிக மதிப்பெண். முகம் துடைத்தேன், ஆவி காட்டினேன், நீவிவிட்டேன். தேர்வாளர் எழுதிக்கொண்டே இருந்தார். எனக்கு நன்றாகச் செய்ததாகத்தான் தோன்றியது.

தேறவில்லை என்று வந்தது. சுத்தம் என்ற பகுதியில் பூஜ்யம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. காரில் ஏறிய பிறகு யாழினிதான் இங்கிலீஷில் கேட்டாள். "அம்மா, ஒவ்வொரு தடவையும் என் முகத்தைத் தொடுறதுக்கு முன்னாடி அந்த இரும்பு மேஜைக் காலை எதுக்குத் தொட்டே?"

நான் தொட்டது எனக்கே தெரியாது. கையைச் சுத்தம் செய்துவிட்டு, குனிந்து, உள்ளங்கையை இரும்பில் வைத்து எடுத்துவிட்டு, பிறகு அவள் முகத்துக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். ஒரே ஒரு சீசன் வேலை பார்த்தவள் நான். இத்தனை வருஷமாக எங்கே இருந்ததோ அந்தப் பழக்கம். பயம் வந்ததும் கை தானாகத் தகட்டைத் தேடிப் போய்விட்டது.

காரை எடுக்காமல் அங்கேயே உட்கார்ந்து அவளுக்குச் சொன்னேன். பெரியம்மாவுக்குத் தீக்காயம் என்று அவளுக்குத் தெரியும். எப்படி என்று அவள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. செம்புத் தகட்டைச் சொன்னேன், பக்கத்து அறையைச் சொன்னேன், ஆஸ்பத்திரியில் அக்கா சொன்னதைச் சொன்னேன். அவள் கண்ணாடியில் வழிகிற மழையைப் பார்த்தபடி கேட்டாள்.

"ஜூலையில் சுதந்திர தின வாணவேடிக்கை பார்க்கப் போகும்போது நீ மட்டும் கார்லயே இருக்கிறது அதனாலதானா?"

"ஆமா."

"குளிருதுன்னு சொல்வியே."

காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். என் கையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். பிடிக்கவில்லை, அது எனக்கு வலித்தது. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளாகவே வந்து சோபாவில் மல்லாந்து படுத்தாள். நான் பழகினேன். என் கை இரும்பைத் தேடும்போதெல்லாம், கண்ணைத் திறக்காமலே "அம்மா" என்றாள். அவ்வளவுதான் சொல்வாள். அந்த ஒரு வார்த்தையை அவள் தமிழில்தான் சொல்கிறாள் என்று அப்போதுதான் கவனித்தேன்.

6

இரண்டாவது தடவை தேறினேன். லைசென்ஸ் வந்தது. போக முடியவில்லை.

இங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டுக் காகிதங்கள் பாதியில் நிற்கிற சமயம். அனுமதி வாங்காமல் நாட்டை விட்டு வெளியே போனால் வருஷக்கணக்காகக் காத்திருந்த விண்ணப்பம் செத்துப் போகும். அனுமதிக்கு எழுதிப் போட்டேன். போன் செய்தால் ஒரு குரல், உங்கள் மனு வரிசையில் இருக்கிறது என்று இனிமையாகச் சொல்லும். அவசரக் காரணம் உண்டா என்று கேட்பார்கள். அக்கா மகள் கல்யாணம் என்றால், அது அவசரம் இல்லை என்பார்கள். அக்கா முகத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? வாரங்கள் போய்விட்டன, அனுமதி வரவில்லை.

அக்காவிடம் சொன்னேன். "அப்ப நான் நிக்கல" என்றாள். சத்தம் போடவில்லை. அதுதான் தாங்கவில்லை.

அடுத்த நாள் கார்த்திகா பேசினாள். பிறகு அத்தான் பேசினார். "அவ சொன்ன பேச்சு மாற மாட்டா. நீயே ஏதாச்சும் செய் லச்சுமி" என்றார். நான் மறுபடி அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, லைசென்ஸ் எங்கிட்ட இருக்கு. நான் சொல்லுதபடி நீ செய். கை உன்னுதா இருக்கட்டும், பொறுப்பு என்னுது."

போர்மேன் சொல்லி ஆள் செய்வது அவளுக்குப் பழக்கமான ஏற்பாடு. சரி என்றாள்.

நிறம் பார்க்க, பகல் வெளிச்சத்தில் வாசலில் நிற்கச் சொன்னேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக இடது பக்கத்தை போனுக்குக் காட்டினாள். சில இடம் வெளுத்து, சில இடம் கறுத்து, தோல் இழுத்துப் பிடித்து மினுங்கியது. நான் தொழில்காரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். இங்கே கடைகளில் நம் நிறத்துக்கு க்ரீம் கிடைப்பது கஷ்டம். டோனாவும் நானும் மூன்று டப்பாக்களைக் கலந்து, அக்கா நிறத்துக்குக் கொண்டுவந்தோம். வீட்டுக்காரரோடு வேலை பார்க்கிற ஒருவர் மதுரைக்குப் போனார், அவரிடம் கொடுத்து அனுப்பினேன்.

பூச வேண்டுமென்றால் கண்ணாடி வேண்டும். அத்தான் புதுசாக ஒன்று வாங்கி வந்து சன்னல் பக்கம் மாட்டினார். அக்கா அதன் முன்னால் போய் நின்றாள். நான் போனில் அவள் முதுகைத்தான் பார்த்தேன். அசையாமல் நின்றாள். ஏதாவது ஆகிவிட்டதோ என்று நான் கூப்பிடப் போன நேரத்தில் பேசினாள்.

"இம்புட்டுத்தானாலே? நான் இன்னும் மோசமா இருக்கும்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

இருபது வருஷத்துக்கு மேல் அவள் பார்க்காத முகத்துக்குப் பயந்து அடுப்படியிலேயே இருந்திருக்கிறாள். கண்ணாடியை எடுத்து ஒளித்த அம்மாவைத் திட்டுவதா, அதைத் திரும்ப மாட்டாத எங்களை எல்லாம் திட்டுவதா என்று தெரியவில்லை.

பாடம் ஆரம்பித்தது. காதுக்குப் பின்னால் கொஞ்சம் பூசி இரண்டு நாள் பொறுத்துப் பார். தேய்க்காதே, விரல் நுனியால் ஒற்றி ஒற்றி வை. "மருந்து அள்ளுத மாதிரி, உரசாம" என்றாள். அதேதான் என்றேன். கறுத்த இடத்துக்கு முதலில் இந்த டப்பா, பிறகு மேலே எல்லா இடத்துக்கும் அந்த டப்பா. கடைசியில் பவுடரை அமுக்கி வை. பவுடர் போட்ட பிறகு தண்ணீர் படக்கூடாது. ஒவ்வொன்றையும் அவள் திருப்பிச் சொன்னாள். நாலைந்து நாள் பழகியதும் என்னைவிடச் சுத்தமாகச் செய்தாள். நான் பெருமைப்பட்டேன், அதை அவளிடமும் சொன்னேன்.

7

அங்கே காலை முகூர்த்தம், எங்களுக்கு முந்தின நாள் சாயங்காலம். மண்டபத்திலிருந்து நேரடியாக ஒளிபரப்பினார்கள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு டிவிக்கு முன்னால் உட்கார்ந்தேன். யாழினியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பெரியம்மா எங்கே?" என்றாள்.

அத்தானுக்குப் பக்கத்தில் நின்றவளைக் காட்டினேன். அவள் நம்பவில்லை. ஒரு நொடி எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பச்சைப் பட்டில், நிமிர்ந்து, கூட்டத்தைப் பார்த்தபடி அக்கா நின்றாள். மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்துத் தாரை வார்த்தாள். அத்தானின் சித்தப்பாவும் சித்தியும் கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாய்விட்டு அழுதேன். யாழினி கண்ணைத் துடைக்க டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள். சாதித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் எனக்கு விடிந்தபோது அங்கே பொழுது சாய்ந்திருந்தது. கார்த்திகா சாத்தூரில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து குரல் அனுப்பியிருந்தாள். விசும்பல் நடுவே பேச்சு விட்டு விட்டு வந்தது.

"சித்தி, அம்மாவுக்கு எம்மேல என்ன கோவம்? கெளம்பும்போது எல்லாரும் அழுதாக. அப்பா அழுதாக. மாமியாகூட அழுதாக. அம்மா ஒரு சொட்டு அழல சித்தி. நான் கட்டிப் பிடிச்சேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. பொம்பளைக எல்லாம் நெஞ்சழுத்தக்காரின்னு பேசுறாக. நான் பிடிவாதமா மேடையில நிக்க வச்சிட்டேன்னு கோவமா?"

அக்காவைக் கூப்பிட்டேன். எடுத்தாள். கல்யாணப் பட்டைக்கூட மாற்றவில்லை. போனை நேராகப் பிடித்திருந்தாள். முகம் மேடையில் பார்த்தபடியே, கொஞ்சமும் கலையாமல் இருந்தது.

"சாப்பிட்டியாக்கா?"

"இனிமேத்தான்."

"கார்த்திகா அழுதுக்கிட்டுப் பேசுதா. நீ அவளக் கட்டிக்கிடலையாம், அழக்கூட இல்லையாம். ஏன்க்கா?"

அக்கா என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"எப்பிடிலே அழுவேன்? தண்ணி படக்கூடாதுன்னு நீதான சொன்ன? காலைலருந்து பச்சத்தண்ணி குடிக்கல, வாயோரத்துல பட்டுருமேன்னு. மக கழுத்தக் கட்டிக்கிட்டு அழுதா. அவ கண்ணீரு எங்கன்னத்துல பட்டுச்சுன்னா அங்கனயே கலஞ்சு ஊர் முன்னாடி தெரிஞ்சிரும்ல? மாப்பிள்ள வீட்டாளுக அம்புட்டுப் பேரும் நிக்காக. அதான் திருப்பிக்கிட்டேன். பல்லக் கடிச்சிட்டு நின்னேம்லே. வேன் தெரு தாண்டுற வரைக்கும் நின்னேன்."

பவுடர் ஒட்டுகிற வரைக்கும்தான் தண்ணீர் படக்கூடாது. பத்து நிமிஷம். அதற்குப் பிறகு மழையில் நனையலாம், வியர்க்கலாம், எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம். அதற்காகவே செய்த க்ரீம் அது. எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் தனியாகச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. வேறு யாராக இருந்தாலும் எவ்வளவு நேரத்துக்கு என்று கேட்டிருப்பார்கள். அக்கா கேட்க மாட்டாள். விதி என்று ஒன்று சொன்னால் அதை ஏன் என்று கேட்காத இடத்திலிருந்து வந்தவள் அவள்.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். ஆனால் கார்த்திகாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவளுக்குத் தெரிந்தால் அக்காவுக்கும் தெரியும். மெதுவாகச் சொன்னேன். பத்து நிமிஷம்தான்க்கா, பிறகு எதற்கும் கலையாது என்றேன்.

பின்னால் அத்தான் யாரிடமோ பாத்திரங்களை எண்ணி ஒப்படைத்துக்கொண்டிருந்தார். அக்கா விரலால் இடது கன்னத்தைத் தொட்டாள். தொட்ட விரலைத் திருப்பிப் பார்த்தாள். அதில் எதுவும் ஒட்டியிருக்கவில்லை.

"அப்ப நான் அழுதிருக்கலாம், என்னலே?" என்று கேட்டாள்.

"அழுதிருக்கலாம்க்கா" என்றேன்.